நாலாம் நம்பர் திரையில் இருந்த நிறம்

1. செவ்வாய்க்கிழமை காலை, சாப்பிட்டுக்கொண்டே கைபேசியைப் பார்த்தபோது ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. நாங்கள் ஒரு காலத்தில் விளையாடிய ஆன்லைன் விளையாட்டை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு மூடுகிறார்களாம்.

2. எட்டு வருடம் தொடாத கணக்கு. கடவுச்சொல் எனக்கு மறந்திருந்தது, விரல்களுக்கு மறக்கவில்லை.

3. உள்ளே போனேன். என் வீராங்கனை நான் விட்ட இடத்திலேயே, ஆற்றுப் பாலத்தருகே வாளை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். உடம்பில் நீலக் கோட்டு.

4. அந்த நீலத்தைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவிட்டேன். தட்டில் தோசை ஆறிப்போயிருந்தது.

நான்காவதைத்தான் உங்களுக்கு விளக்க வேண்டும்.

நாற்காலி முதுகில் காயாத ஸ்வெட்டர் ஒன்று கிடந்தது. குன்னூரில் ஆனியில் துவைத்தால் ஆடியில்தான் காயும். ஈரக் கம்பளி வாசனை வந்தாலே எனக்கு அந்த பிரவுசிங் சென்டர் ஞாபகம் வந்துவிடும். கீழே பேக்கரி, மேலே எட்டு கம்ப்யூட்டர். வர்க்கி பிஸ்கட் சுடும் அடுப்பின் சூடு பலகைத் தரை வழியாக மேலே ஏறும். விளையாட வந்தவர்கள் பாதி, குளிர் காய வந்தவர்கள் பாதி. எல்லோருடைய ஸ்வெட்டரும் ஒரே நேரத்தில் ஆவி விடும்.

நானும் மேகலாவும் அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். நான் மார்க்கெட் கடைக்காரர் வீட்டுப் பெண். அவள் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வருபவள். அவளுடைய அப்பா கொழுந்து லாரி ஓட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் இலங்கையிலிருந்து திரும்பி வந்தது.

விளையாட்டில் அரக்கர்களைக் கொல்ல வேண்டும். நாங்கள் கொன்றதைவிட உடுப்பு மாற்றியதே அதிகம். ஆளை உருவாக்கும்போது மூக்குக்கு மட்டும் ஏழு அளவுகள் கொடுத்திருந்தார்கள். ஏழையும் மாற்றிப் பார்த்துக் கடைசியில் என் மூக்கையே வைத்தேன். என் மூக்கை நான் மன்னித்தது அன்றைக்குத்தான். சாயம் போடுவது தனி வேலை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பட்டைகள் இருக்கும், சுட்டியால் நகர்த்தி நகர்த்திக் கலக்க வேண்டும். எண் எதுவும் காட்டாது. கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்டர்காரர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். எங்கள் பின்னால் வந்து நின்று, "ஏனுங்க அம்மிணி, சண்டை போடற வெளையாட்டுல சட்டைக்குச் சாயம் போடவே ரெண்டு மணி நேரமாச்சுங்களா?" என்பார்.

"அழுக்கா போனா அரக்கன் மதிக்க மாட்டானுங்க" என்பாள் மேகலா.

அந்த வருடம் தை மாதம் மேகலாவின் அப்பா இறந்துபோனார். நெஞ்சுச் சளி என்றார்கள், பத்தே நாள். பதினாறாம் நாள் அவருடைய துணிகளை எல்லாம் கொடுத்துவிட்டார்கள். யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாதென்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதில் அவருடைய ஸ்வெட்டரும் போய்விட்டது. ஊட்டியில் வாங்கியபோது செங்கல் நிறமாக இருந்து, பத்து வருட வெயிலிலும் லாரிப் புகையிலும் வேறொன்றாகிவிட்ட ஸ்வெட்டர். மனிதர் போட்டோ என்றால் அதைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையோடுதான் நிற்பார். ஆகவே ஒரு போட்டோவிலும் அது இல்லை.

மேகலா அந்த நிறத்தை விளையாட்டில் தன் வீராங்கனையின் கோட்டுக்குக் கலக்க ஆரம்பித்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். எப்போதும் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில்தான் உட்காருவாள். மற்றத் திரைகளில் ஈரம் இறங்கி எல்லாமே மஞ்சள் பூத்துத் தெரியும். மூன்றாவது ஞாயிறு அம்மாவை அழைத்து வந்தாள். அவர் மடக்கிய குடையைக் கையிலிருந்து கீழே வைக்கவேயில்லை.

"என்னா புள்ள இது, பொம்பள பொம்மைக்குப் போயி அப்பா ஸ்வெட்டரு?"

"கலரை மட்டும் பாரும்மா."

"கொஞ்சம் வெளுக்கணும். தோள்ல வெளுத்திருக்கும்ல, அந்த மாதிரி."

மேகலா பட்டையை ஒரு மயிரிழை நகர்த்தினாள்.

"ம்." அவர் எழுந்துகொண்டார். "அதுதான்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். குடை விரிக்காமல் மழையில் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

இதெல்லாம் தெரிந்தும்தான் நான் அதைச் செய்தேன்.

மேகலா வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, மழை பெய்தால் கரண்டும் இல்லை. தினமும் உள்ளே போனால் விளையாட்டில் ஒரு பரிசு உண்டு, தவறினால் போச்சு. அதனால் மேகலாவின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. எங்கள் கடையில் கரண்டும் உண்டு, அப்பாவின் மடிக்கணினியும் உண்டு. சித்திரையில் விளையாட்டுக்குள் ஒரு சீருடைப் போட்டி வந்தது, ஐந்து பேர் குழுவுக்கு. மற்ற மூவரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. தலைவி நான். பட்டியல் போட்டேன்: கோட்டு நீலம், பூட்ஸ் கறுப்பு, விளிம்பு வெள்ளி. கெடு முடிகிற அன்று மாலை மேகலாவைக் காணவில்லை. எஸ்டேட்டில் மரம் விழுந்து ரோடும் இல்லை, போனும் இல்லை. அவள் கணக்குக்குள் போய்க் கோட்டை நானே நீலமாக்கினேன். "பழைய நிறம் அழிந்துவிடும், சரியா?" என்று ஒரு பெட்டி கேட்டது. சரி என்றேன். என் கணக்கில் உடுப்பு அலமாரி என்று ஒன்று இருந்தது. பழைய நிறங்கள் அதில் போய்ச் சேர்ந்துவிடும். அவளுக்கும் இருக்கும் என்று நினைத்தேன். பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இன்று ஒரு கம்பெனியில் அப்படிப்பட்ட பெட்டிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. என்னைவிடக் கவனமாகச் சோதிப்பவர் அங்கே யாருமில்லை என்று பெயர்.

ஞாயிறன்று மேகலா சென்டருக்கு வந்தாள். பார்த்ததும் சிரித்தாள். "நீலம் நல்லாத்தான்டி இருக்கு. ஜெயிச்சோமா?"

"மூணாவது."

"சரி, பழசைப் போடு."

அவளுடைய அலமாரியைத் திறக்கப் போனேன். அலமாரியே இல்லை. மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான் அது என்று அப்போதுதான் கவனித்தேன். எல்லாப் பக்கத்தையும் திறந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், அப்புறம் முகத்தை.

"இல்லையா?"

"இல்ல."

வாசலில் கழற்றியிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திட்டியதையாவது ஒரு பட்டியல் போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் கலக்க ஆரம்பித்தேன். பத்தொன்பது கலவைகள். ஒவ்வொன்றுக்கும் பட்டைகள் நின்ற இடத்தைத் திரையில் ஸ்கேலை வைத்து அளந்து நோட்டில் எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் படங்களாகச் சேமித்து, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேகலாவின் வீட்டுக்குப் போனேன். மேகலா உள்ளே இருந்து வரவில்லை. அம்மாதான் பார்த்தார். ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இது இல்லம்மா. இது ரொம்பச் செவப்பு. இது... முந்தினதக் காட்டு. இல்ல, அதுக்கும் முந்தினது."

பத்தொன்பதும் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து காட்டப் போனேன். அவர் திரையைக் கையால் மறைத்தார்.

"போதும்மா, விட்டுடு. நீ காட்டினதப் பாத்துப் பாத்து எனக்கு உள்ள இருந்ததும் கலைஞ்சு போச்சு. இப்ப எது அவரு கலருன்னு எனக்கே தெரியல."

அதன் பிறகு டீ கொடுத்தார். குடித்தேன். அந்த டீயின் நிறம் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மேகலா என்னுடன் பேசத் தொடங்க நான்கு மாதமானது. பேசினாள், ஆனால் நாங்கள் மறுபடி சேர்ந்து விளையாடவில்லை. இப்போது அவள் திருப்பூரில், ஒரு சாயப்பட்டறை லேபில் நிறம் பொருத்துகிற வேலையில் இருக்கிறாள். தீபாவளிக்கு மட்டும் பேசிக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை மதியம் தீபாவளி இல்லாமலே கூப்பிட்டேன். விளையாட்டை மூடுவதைச் சொன்னேன்.

"அட. நான் எப்பவோ மறந்துட்டேன்டி. பாஸ்வேர்டுகூட ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு."

போனில் அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, போய்ப் பாரு. எதையும் தொடாத."

"அங்க லேபுல எப்பவாச்சும் வந்திருக்கா, அந்தக் கலர்?"

"கிட்ட வரும். அதுதானான்னு யாரைக் கேக்கறது?" என்றாள். "வேலை இருக்குடி, வெக்கிறேன்."

அவள் கணக்குக்குள் போனேன். அவளுடைய வீராங்கனை நீலக் கோட்டோடு நிற்பாள் என்று நினைத்துத்தான் போனேன். மேகலா எப்போதோ வந்து கோட்டைக் கழற்றி மூட்டையில் போட்டிருந்தாள். வீராங்கனை வெறும் வெள்ளைச் சட்டையோடு, போட்டோவுக்கு நிற்பதுபோல, நேராகப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நான் எதையும் தொடவில்லை.

விளையாட்டைச் சொன்னபடியே வெள்ளிக்கிழமை மூடிவிட்டார்கள். பேக்கரி இருக்கிறது, மேலே இப்போது கைபேசி ரிப்பேர் கடை. நாலாம் நம்பர் திரை எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. மேகலாவின் அம்மா ஓய்வு பெற்று மகளோடு திருப்பூரில் இருக்கிறார். நோட்டு என்னிடம் இருக்கிறது, பத்தொன்பது கலவைகளும் அதில் இருக்கின்றன. அந்த நிறம் அதில் இல்லை.