பகலில் ஏற்றிய விளக்கு

எங்கள் வீட்டில் தொலைப்பது அம்மாவின் வேலை, தேடிக் கொடுப்பது அப்பாவின் வேலை. கரண்டி, சீப்பு, பூட்டுச்சாவி, ஒருமுறை உலையில் போட எடுத்துவைத்த அரிசி என்று அம்மா தொலைக்காத பொருள் கிடையாது. "இடுப்புல கொழந்தைய வெச்சிக்கினு ஊரெல்லாம் தேடறவ" என்று சொல்லிக்கொண்டே அப்பா எடுத்துக் கொடுப்பார். தம் பொருளில் ஒரு துரும்பைக்கூட அவர் தொலைத்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் வில்லையைக் காணோம் என்றார்.

வில்லை என்பது எண் அடித்த பித்தளைத் துண்டு. மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் அதை நூலில் கோத்து அரைஞாணில் கட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் என்கிற இறங்குகுழியின் வாயில் அதைக் கொடுத்தால்தான் கீழே போகிற கூண்டில் ஏற்றுவார்கள். தொலைத்தவனுக்கு வேறு வில்லை கிடையாது, வேலையிலிருந்தே பேரை வெட்டிவிடுவார்கள். முந்தின வாரம்தான் கீழே பாறை சரிந்து அப்பாவின் கூட்டாளி செத்திருந்தார். அந்தப் பிணத்தோடு கூண்டில் மேலே வந்தவர் அப்பா. மறுநாளே ஷிப்டுக்கும் போனார். போகாமல் முடியாது. சுரங்கத்துக்குப் பயந்தவன் என்று பேர் வாங்கியவனை எங்கள் லைன் வீடுகளில் பொடிசுகள்கூடக் கேலி செய்யும். நாங்களே செய்திருக்கிறோம்.

ஆபீசில் கெஞ்சிப் பார்க்கிறேன் என்று அப்பா கிளம்பிப் போனார். அம்மா துடைப்பத்தை எடுத்தாள். வெள்ளிக்காசைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடிய கதையை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. காதால் கேட்டதை இம்மி பிசகாமல் செய்வாள். மூங்கில் தட்டிச் சுவர் வழியாக வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருக்க, விளக்கை ஏற்றி என் கையில் கொடுத்தாள்.

எதிர்வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "பட்டப்பகல்ல வெளக்கு இன்னாத்துக்கு? எண்ணெய் கொட்டிக் கெடக்குதா?"

"வேதத்துல கீதுக்கா."

"கீதோ இல்லியோ, நான் முந்தானில ஒரு முடிச்சு போட்டுக்கறேன். எங்க சாமிக்கு முடிச்சு போதும்."

பக்கத்து வீட்டு அத்தை கத்தோலிக்கர். காணாமற்போனது எதுவானாலும் அந்தோணியாரிடம்தான் போவார். "ஒரு மெழுகுவத்தி நேந்துக்க, நான் ஏத்தறேன்" என்றார்.

"நாங்க நேரா ஆண்டவர்கிட்டதான் கேப்போம் அண்ணி."

"நீ நேரா போயி கேளு, நான் சுத்திக்கினு போறேன். யாரு மொதல்ல வராங்கன்னு பாக்கலாம்."

இப்படி மூன்று வழியிலும் ஆள் போனபிறகு கிடைக்காமல் இருக்குமா? அப்பா படுக்கிற பாய்க்கு நேர் மேலே, தட்டியின் இடுக்கில், ஒரு கந்தல் செருகியிருந்தது. அம்மா இழுத்துப் பிரித்தாள். உள்ளே வில்லை. நூல் அறுந்திருக்கவில்லை, நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது.

எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. கதைப்படி இனி அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். அம்மா கூப்பிடவில்லை. வில்லையையும் அறுபடாத நூலையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு அதே கந்தலில் பொதிந்து, அதே இடுக்கில், முன்னைவிட ஆழமாகச் செருகினாள். விளக்கை ஊதி அணைத்தாள். "வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

"கெடைக்கலக்கா."

"நெஜமாவா? முடிச்சு போட்டுமா?" என்றாள் பெரியம்மா.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு நேரே விறகு யார்டுக்குப் போனாள். சுரங்கத்துப் பாய்லர்கள் மலை மலையாக விறகு தின்ற காலம் அது. மாமா அங்கே மேஸ்திரி. வில்லை தொலைந்த கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"மச்சானா தொலைச்சாரு? நீ தொலைச்சன்னு சொல்லு, நம்பறேன்."

"ஒரு வேல போட்டுக் குடுண்ணா."

"வெறகு தூக்கறதுக்குப் பாதிக் கூலிதான் வரும், சொல்லிட்டேன்."

"கூலி பாதி வரட்டும். ஆளு முழுசா வந்தா போதும்."

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கு அனுப்பு என்றார்.

பொழுது சாய்ந்து அப்பா வந்தார். பேரை வெட்டிவிட்டதாகச் சொன்னார். விறகு யார்டில் வேலை இருக்கிறது என்றாள் அம்மா. சாப்பாட்டுக்கு முன் ஜெபத்துக்கு முழங்காலிட்டோம். அம்மாதான் ஜெபித்தாள்.

"ஆண்டவரே, தேடினது கெடைச்சிது. உமக்கு ஸ்தோத்திரம்."

நான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். அப்பாவும் திறந்திருந்தார். அவர் பார்வை தட்டி இடுக்குக்குப் போய், அம்மாவின் முகத்துக்கு வந்தது. அம்மா கண் மூடியபடியே இருந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னார்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஊருக்குக் கிடைக்கவில்லை, ஆண்டவருக்குக் கிடைத்தது. ஒரே வாயில் இரண்டு பேச்சு. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்களே, இன்றைக்கு இந்த வீட்டில் யாருக்குச் சோறு இல்லாமல் போகுமோ என்று சட்டியையே பார்த்தேன்.

கூட்டாளியைப் புதைத்த நாளிலிருந்து தட்டில் கைவைத்துவிட்டு எழுந்துவிடுகிற அப்பா, தட்டை வழித்துத் தின்றுவிட்டு அம்மா பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

அம்மா போட்டாள். பழமொழி எங்கே பிசகியது என்று விளங்காமல், பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.