தோளுக்கு நேரே

என் மகன் சேகர் பந்தயக் கார் ஓட்டினவன். பழவேற்காட்டில் ஷெட் வைத்திருக்கும் சினேகிதன் காதரோடு சேர்ந்து ஒரு பழைய காரைத் தயார் செய்தான். முதல் பந்தயத்திலேயே அது சுவரில் மோதி, இவன் முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

ஓட்டுபவனைச் சீட்டோடு கட்டும் தோள் பெல்ட்டைக் காதர்தான் சரியாக மாட்டவில்லை என்று நானாக முடிவுகட்டி, அவன் ஷெட் வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன். நான் திட்டி முடித்ததும் அவன் வாசலைப் பெருக்கினான்.

சக்கர நாற்காலியில் சேகர் முன்னால் சாய்ந்து சாய்ந்து விழுவான். ஒருநாள் பழைய புடவையைக் கிழித்து, தோள்மேல் போட்டு, நாற்காலிக்குப் பின்னால் அடிக்கம்பியில் இழுத்துக் கட்டினேன். நாங்கள் படகுக்காரர்கள்; படகில் எதையும் அடியில்தானே கட்டுவோம்?

"அங்க கட்டாதம்மா!" என்று அலறினான்.

"இன்னாடா, வலிக்குதா?"

"அடியில கட்டினா தோளைக் கீழ அமுக்கும், முதுகு தாங்காது. தோளுக்கு நேரா பின்னால கட்டணும்."

"இத அந்தக் காதருக்குச் சொல்றதுதானே?"

"அவன்தாம்மா எனக்குச் சொன்னான். 'படகுக்காரனுக்கே கட்டச் சொல்லித் தர்றியா'ன்னு கேட்டுட்டு நான்தான் பெல்ட்டை அடியில மாட்டினேன்."

நாற்காலியை ஜன்னலோரம் தள்ளி, அவன் தோளுக்கு நேரே பின்னால் இருந்த ஜன்னல் கம்பியில் கட்டினேன். பிறகு காதரிடம் போனேன்.

"ஏம்ப்பா அன்னிக்கே சொல்லல?"

"யாரையாச்சும் திட்டினாதானே உங்களுக்கு ஆறும்னு வுட்டுட்டேம்மா. உள்ள வாங்க, டீ சாப்புடுங்க."

அவன் சொன்னது சரிதான். இப்போது திட்ட ஆளில்லை. சேகரைக் கட்டி உட்கார வைத்துவிட்டு, அவனுக்குத் தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே, அவன் பின்னால் நின்றே அழுகிறேன்.