கடைசிப் பந்தி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் என்னையும் என் மனைவி பியூலாவையும் அவளுடைய சபைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மைசூர் ரிங் ரோடு ஓரத்தில் புதிதாக எழும்பியிருக்கும் சபை. கல்யாண மண்டபம் போல ஒரு கூடம், ஏசி, மேடையில் டிரம்ஸ். வாசலில் நின்ற பெண் சிரித்த முகத்தோடு ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியை வைத்தாள். மேல்தாளைக் கிழித்தால் பொட்டு அளவுக்கு ஓர் அப்பம். அதற்கு அடியில் இன்னொரு தாள். அதையும் கிழித்தால் ஊதா நிறத்தில் ஒரு மடக்குச் சாறு. திருவிருந்து அவ்வளவுதான்.

மேடையிலிருந்து பிரிக்கச் சொன்னார்கள். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் தாள் கிழியும் சத்தம். சினிமா இடைவேளையில் சிப்ஸ் பாக்கெட் பிரிப்பார்களே, அப்படி. வாழ்நாளெல்லாம் திருவிருந்து பரிமாறி ஓய்வு பெற்ற போதகனாகிய எனக்கு அந்தத் தாளைக் கிழிக்கத் தெரியவில்லை. நகத்தால் கீறி, பல்லால் இழுத்து, பாதிச் சாறு சட்டையில் தெறித்தது. மீதியில் இருமல் மருந்தின் வாசனை. நான் முகம் சுளித்ததை மகள் பார்த்துவிட்டாள்.

"சும்னே குடிங்கப்பா. ஹைஜீனிக் அல்வா?"

அல்வா என்றால் கன்னடத்தில் 'அல்லவா'. பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான், அவள் தமிழ் அப்படி இருப்பதில் தப்பில்லை. ஆனாலும் திருநெல்வேலிக்காரனிடம் இதைச் சொன்னால் ஒரு கணம் நாக்கு ஏமாந்துதான் போகிறது. அல்வாவை மன்னித்துவிட்டேன். அந்த இன்னொரு சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஹைஜீனிக். அந்தச் சொல்லை முதன்முதலில் திருவிருந்தைப் பற்றிய பேச்சில் கேட்டது இதே மைசூரில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

அப்போது நான் டீக்கன், அதாவது உதவிப் போதகன். இறையியல் கல்லூரியிலிருந்து நேராக இங்கே உள்ள ஒரு தமிழ்ச் சபைக்கு அனுப்பினார்கள். தையற்காரர் என் அங்கியை என்னைவிட உயரமான ஒருவரை மனதில் வைத்துத் தைத்திருந்தார். முதல் ஞாயிறே படியில் அதை மிதித்துத் தடுமாறினேன். முதல் விருந்தில் அதைவிட மோசம். வீட்டம்மா கரண்டியோடு வந்து "சாகா?" என்று கேட்டார். சாதம் போட்டுவிட்டு ஏன் சாகச் சொல்கிறார் என்று விழித்தேன். 'போதுமா' என்று கேட்டாராம்.

பெரிய போதகர் சாந்தமான மனிதர். சபையில் யாருக்கும் அவரிடம் சண்டை கிடையாது, அவருக்கும் யாரிடமும் சண்டை கிடையாது. வீட்டில் முதுகெலும்பு அவர் மனைவி. போதகரை ஐயர் என்பது எங்கள் வழக்கம், ஆகவே எல்லோருக்கும் அவர் ஐயரம்மா. திருவிருந்துக்கான திராட்சரசத்தை அவர்தான் போடுவார். தேவராஜ மார்க்கெட்டிலிருந்து கறுப்புத் திராட்சை வாங்கி வந்து, கழுவி, துணியில் உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் கட்டி வைப்பார். புளித்துவரும் நாட்களில் போதகர் வீடு முழுக்க ஒரு வாசனை சுற்றும். மழைக்காலத்து ஈரத்தோடு அது கலந்து வரும்போது எனக்குப் பக்தி வந்ததா பசி வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

கர்த்தரின் இரத்தமாக நாங்கள் ஏற்கும் அந்த ரசம் ஒரே ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் ஊற்றப்படும். மக்கள் பந்தி பந்தியாக முன்னால் வந்து கிராதியருகே முழங்கால் போடுவார்கள். பெரியவர் அப்பம் கொடுத்துக்கொண்டே போவார். பின்னால் நான் பாத்திரத்தை ஏந்திப் போவேன். ஒருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, சற்றுத் திருப்பி, அடுத்தவருக்கு நீட்ட வேண்டும். அதிகாரி, பியூன், வாத்தியார், வாத்தியாரிடம் அடிவாங்கிய மாணவன் எல்லோருக்கும் ஒரே விளிம்பு. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கல்லூரியில் கற்றுத் தராத ஏதோ ஒன்றை அந்தக் கிராதி ஓரத்தில் கற்றுக்கொள்வதாக நினைத்திருந்தேன். இளவயது, சீக்கிரம் நம்பிவிடுவேன்.

சபைக் கமிட்டியின் செயலாளர் சற்குணம் ஐயா. ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கணீரென்ற ஜெபம். அவருடைய மகள்தான் பியூலா. எங்களுக்கு நிச்சயம் முடிந்து, ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று பேசியிருந்தது. ஆகவே நான் அவர் வீட்டில் பாதி மாப்பிள்ளை, சபையில் முழுச் சிப்பந்தி.

அந்த வருடம் ஹனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்காக மைசூர் வந்த சில குடும்பங்கள் எங்கள் சபைக்கு வரத் தொடங்கின. மண்டி மொஹல்லாவின் ஒரு சந்தில் வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். ஆண்கள் மண்டியில் மூட்டை தூக்கினார்கள். பெண்களில் மூத்தவர் எஸ்தரக்கா, ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. கொங்குத் தமிழ்போல இழுத்து இழுத்து, வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டுப் பேசுவார்கள். கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்து, மற்றவர்களைவிட ஒரு சுருதி மேலே பாடுவார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று நான் எழுதப்போவதில்லை. எங்கள் சபையில் யாரும் கேட்கவுமில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் சற்குணம் ஐயாவுக்குக் கிருமிகளைப் பற்றிய கவலை வந்தது.

போதகர் வீட்டில் கூடிய கமிட்டியில் பேசினார். காசநோய், மஞ்சள் காமாலை எல்லாம் பாத்திரத்தின் வழியாகப் பரவுமாம். ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைத்தால் ஹைஜீனிக். எல்லோரும் தலையாட்டினார்கள். ஐயரம்மா மட்டும் சமையலறை வாசலில் நின்றபடி, "இத்தனை காலமா நான் போட்ட ரசத்தக் குடிச்சு இந்த ஊர்ல யார் செத்தா?" என்று கேட்டார். அது கமிட்டிக் குறிப்பில் ஏறவில்லை.

ஒரு மாலை, சற்குணம் ஐயா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். "மாமா, உண்மையிலேயே நோய்க்குப் பயந்துதானா?"

அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஸ்வல்பம் யோசிங்க தம்பி. அவங்க வாய் வெச்சதுல நாம எப்படி வாய் வெக்கிறது? எனக்குக் குமட்டுது. சாமி மேல பக்தி இருக்கு. அதுக்காக?"

எதிரே பலகாரத் தட்டோடு பியூலா நின்றிருந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. எனக்கும் குமட்டியது. அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. இந்த வாய்தானே ஞாயிறுதோறும் சபை முன்னால் நின்று 'எங்கள் பிதாவே' என்கிறது என்று நினைத்தேன். தன் எச்சிலை மண்ணில் குழைத்துக் குருடனின் கண்ணில் பூசிய ஒருவரைக் கும்பிட்டுக்கொண்டு இவருக்கு எதற்குக் குமட்டுகிறது?

பெரிய போதகரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சமாதானம் முக்கியம் தம்பி" என்றார்.

கிண்ணங்கள் வந்தன. பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் வாங்கியிருந்தார்கள். புதிய குடும்பங்களின் பெயர் இன்னும் ஏறவில்லை, அவர்களுக்கு அடுத்த தவணையாம். அதுவரை கடைசிப் பந்திக்குப் பழைய பாத்திரமே. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு பாருங்கள். கிருமி கடைசி பெஞ்சில் மட்டும்தான் பரவாது போலிருக்கிறது.

அந்த ஞாயிறு முன் பெஞ்சுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். தட்டில் கிண்ணங்கள் மினுங்கின. பியூலா எழவில்லை. அப்பா திரும்பிக் கண்ணால் கூப்பிட்டார். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்தடுத்த பந்திகள் வந்து போயின. கடைசிப் பந்தி எழுந்தபோது அவளும் எழுந்தாள். நேராக வந்து எஸ்தரக்காவுக்குப் பக்கத்தில், அவருக்கு அடுத்து முழங்கால் போட்டாள். இருவரும் ஏதோ மெல்லப் பேசிக்கொண்டது தெரிந்தது, எனக்குக் கேட்கவில்லை. சபையே எட்டிப் பார்த்தது. ஆர்கன் வாசித்தவர்கூட நிறுத்திவிட்டார்.

நான் பாத்திரத்தோடு வந்தேன். எஸ்தரக்கா குடித்தார். துணி என் இடது கையில் இருந்தது. துடைக்கவில்லை. திருப்பவும் இல்லை. அப்படியே நீட்டினேன். பியூலா என்னை நிமிர்ந்து பார்த்து, இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்து, அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தாள். மீந்ததைக் குடித்து முடிப்பது டீக்கனின் கடமை. அன்றைக்குப்போல அதை நான் ஆசையாகச் செய்ததில்லை.

ஆசீர்வாதம் சொல்லும்முன்பே சற்குணம் ஐயா எழுந்து போய்விட்டார். பியூலாவை வீட்டில் விட நானும் கூடவே நடந்தேன். அவர் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு சொம்பு தண்ணீர்.

"வாயக் கழுவிட்டு உள்ள வா."

"அப்பா…"

"கழுவு."

பியூலா சொம்பை வாங்கவில்லை. "அது கர்த்தரோட ரத்தம்ப்பா. அத எப்படிக் கழுவுறது?"

அவர் சொம்பை நீட்டியபடியே நின்றார். உள்ளே அவளுடைய அம்மா அழுவது கேட்டது. வெளியே வரவில்லை. பியூலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள். அன்றைக்கு உடுத்தியிருந்த சேலையோடு போதகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஐயரம்மா ஒன்றும் கேட்காமல் சாப்பாடு போட்டு, தன் அறையில் ஒரு பாயை விரித்தார். எங்கள் கல்யாணம் அந்த வீட்டிலிருந்துதான் நடந்தது. பெண் வீட்டுப் பக்கம் நின்றவர்கள் ஐயரம்மாவும் கடைசி பெஞ்சுக்காரர்களும்.

நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். கமிட்டி மறுபடி கூடியது. பாகுபாடு கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஆகவே எல்லோருக்கும் கிண்ணம், பாத்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது. முன்மொழிந்தவர் சற்குணம் ஐயா. இதை எதிர்த்து எவன் என்ன பேச முடியும்? சமத்துவம் என்கிற சொல்லாலேயே சமத்துவத்தைப் பூட்டி வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு எத்தனையோ சபைகளில் எத்தனையோ கமிட்டிகளைப் பார்த்தாயிற்று. எல்லாம் ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில்தான் முடிந்தன.

பெரிய போதகர் எனக்கு மாற்றல் உத்தரவு வாங்கித் தந்தார், சமாதானத்துக்காக. கிளம்பும்முன் எஸ்தரக்காவைப் பார்க்க மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். அவர்கள் எங்கள் சபைக் கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கன்னட ஜெபக்கூடத்துக்குப் போவதாகச் சொன்னார்.

"கோவமாக்கா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க ஐயா. ஊர்ல டீக்கடையில எங்களுக்குன்னு தனி டம்ளர் வெச்சிருப்பாங்க. அது வேண்டாம்னுதானுங்க இங்க வந்தோம். இங்க பாருங்க, எங்கனால எல்லாருக்குமே தனி டம்ளர் வந்துபோச்சுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சற்குணம் ஐயா எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் பியூலாதான் பார்த்துக்கொண்டாள். பேத்தியைப் பற்றி விசாரிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். அந்த ஞாயிறைப் பற்றி இருவரும் பேசவேயில்லை. அவர் போன பிறகு சபையார் கோயில் சுவரில் ஒரு பளிங்குக் கல் பதித்தார்கள். 'சபையின் ஒற்றுமைக்காக உழைத்தவர்.' திறப்புக்கு ஜெபம் பண்ண என்னைக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். பியூலா மட்டும் உள்ளே போய் வாசித்துவிட்டு வந்தாள். "எழுத்து நல்லா வெட்டிருக்காங்க" என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்கு அவர் அப்பா. எனக்கு அந்தச் சலுகை கிடையாது. மன்னிப்பைப் பற்றி வாழ்நாளெல்லாம் பிரசங்கித்திருக்கிறேன். அந்தச் சொம்புத் தண்ணீரை நினைத்தால் இன்னும் என் வாய் கசக்கிறது.

போன மாதம் மகளுடைய சபை முடிந்து திரும்பும்போது பியூலா, "மண்டி மொஹல்லா வழியா போலாமா?" என்றாள். போனோம். சந்துக்குள் கார் நுழையவில்லை. இறங்கி நடந்தோம். ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் இடித்துக்கொண்டு போயின. வரிசை வீடுகள் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் சாமான் கிடங்கு. கல்லாவில் இருந்தவரிடம் விசாரித்தாள். "கொத்தில்லா மேடம்" என்றார். தெரியாதாம். அந்தத் தமிழ் பேசுகிறவர்கள் இந்தச் சந்தில் இருந்தார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. கன்னட ஜெபக்கூடமும் இல்லை. எங்கள் பழைய கோயிலிலோ இப்போது மாதத்துக்கு ஒருமுறைதான் தமிழ் ஆராதனை. கடைசி பெஞ்சுகளை எடுத்துவிட்டார்களாம், நிரப்ப ஆளில்லை.

பியூலா கிடங்கின் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாததைச் சொன்னாள்.

"அன்னைக்கு முழங்கால்ல இருந்தப்ப எஸ்தரக்கா என் காதுல என்ன சொன்னாங்க தெரியுமா? 'நீ இந்தப் பக்கம் வந்து மொதல்ல குடிச்சுக்க கண்ணு, நான் பொறவு குடிச்சுக்கறேன்'னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"மாட்டேன்னேன். அவங்க விடல. கைய புடிச்சு இழுத்தாங்க. எனக்கு நல்லது பண்றதா நெனச்சு, கெஞ்சினாங்க."

பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சுவரோரம் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டோம்.