செவலை கேட்ட காணம்

பேய், முனி, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிறவன் நான். சுடுகாட்டு வழியாகத் தனியாகக் குதிரை ஓட்டி வந்தவன், ஒரு நாளும் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். என் மனைவி பேச்சியம்மாளும் முதலில் சிரித்தவள்தான்.

குதிரை பழக்குவது எனக்குத் தொழில். அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகர், சிவகாசிப் பக்கம் ஜட்கா வண்டி நுழையாத தெரு கிடையாது. வண்டிக்காரர்கள் மாட்டுத்தாவணிச் சந்தையில் குட்டி வாங்கி நேராக என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். முதுகில் ஒரு சாக்கைப் போட்டாலே நாலு காலும் தரையில் நிற்காது. அதை நீளக் கயிற்றில் வட்டம் சுற்றவிட்டு, பனைக்கட்டையை இழுக்கவிட்டு, வெறும் வண்டியில் பூட்டி, கடைசியில்தான் ஆளை ஏற்ற வேண்டும். எல்லா ஊரிலும் இப்படித்தான். எங்கள் பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு பாடம் உண்டு, வெடிப் பாடம்.

கல்யாணமா, கோயில் கொடையா, பட்டாசுக் கம்பெனியில் சரக்கைக் கொளுத்திப் பார்க்கிறார்களா, எந்நேரமும் எங்காவது வெடிக்கிற ஊர். வெடிக்கு மிரளுகிற குதிரையை வைத்துக்கொண்டு சிவகாசியில் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. அதனால் தூரத்தில் ஒரு ஓலைவெடியைப் போடுவேன். வெடித்த அடுத்த நொடி உள்ளங்கையில் ஒரு பிடி காணம், அதுதான் கொள்ளு, அதை நீட்டுவேன். நாளுக்கு நாள் வெடியைக் கிட்டக் கொண்டுவருவேன். ஒரு மாதத்தில் குட்டிக்குப் பயம் போய்விடும். வெடிச் சத்தம் கேட்டதும் மூக்கை என் கைக்குள் விட்டுத் தேட ஆரம்பித்துவிடும். எதில் தவறினாலும் அந்த வரிசையில் மட்டும் தவறவே கூடாது, முதலில் சத்தம், பிறகு காணம்.

செவலை என்று ஒரு குட்டி வந்தது. பேரெல்லாம் வைக்கிற வழக்கமில்லை, நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவதுதான். என் வாழ்நாளில் அதைப் போல ஒரு அழகான குட்டியை நான் பார்க்கவில்லை, இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. பத்தே நாளில் வெடிப் பாடம் முடித்துவிட்டது. பதினோராம் நாள் மல்லாங்கிணறு பக்கம் ஒரு தரிசில் கட்டை இழுத்துக்கொண்டிருந்தது, திடீரென்று நின்று என் கைக்குள் மூக்கை விட்டது. நான் வெடியே போடவில்லை.

"வெடியே இல்லாம காணம் கேக்கியாக்கும்? ஏலே, நீ பெரிய ஆளுதாம்லே" என்று அதன் கழுத்தில் ஒரு தட்டு தட்டினேன். ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரம் போயிருக்கும். வடக்கே எங்கேயோ கிணறு தோண்டுகிறவர்கள் பாறைக்கு வெடி வைத்தார்கள், தரை அதிர்ந்தது.

குதிரைக்குக் காது கூர்மை, கடப்பாரைச் சத்தம் கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலு நாள் கழித்து வெம்பக்கோட்டை ரோட்டில் மறுபடியும் அதே மாதிரி. முதலில் மூக்கு, பிறகு சத்தம். வீட்டில் வந்து சொன்னேன். பேச்சியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"குதிரைக்குச் சோசியம் தெரியுதுன்னு சொல்லுதீக. அடுத்த வாரம் வடக்கத்தி மழை எப்பம்னு கேட்டு வைங்க, அவரை போடணும்" என்றாள்.

அவள் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே, வேலி போட்ட இடம். மருந்து கலக்கிற அறை ஒன்று, கொஞ்சம் தள்ளித் திரி வைக்கிற ஷெட். ஷெட்டில் எட்டுப் பெண்கள். உள்ளே போனால் செருப்பைக்கூட வெளியே விட வேண்டும். இரும்புச் சாமான் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது, கல்லில் உரசிப் பொறி பறந்தால் அவ்வளவுதான்.

அன்றைக்கு உச்சி வெயில். தீபாவளி சீசன், லோடு ஏற்ற மாட்டு வண்டிகள் ரோட்டில் வரிசையாக நின்றன. அந்த வேலியை ஒட்டித்தான் செவலையை நடத்திக்கொண்டு போனேன். நின்றது. உடம்பெல்லாம் நடுங்க, கம்பெனியைப் பார்த்தபடி நின்று, மூக்கைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தது.

உள்ளே போய் என்னவென்று சொல்வது? குதிரை காணம் கேட்கிறது, எல்லாரும் வெளியே வாருங்கள் என்றா? பேச்சியை மட்டும் கூப்பிட்டாலும் கையில் இருக்கிற வேலையை முடிக்காமல் வருகிற ஆள் இல்லை அவள். வெற்றிலை மெல்லுகிற நேரம்தான் இருக்கிறது. குதிரைக்காரனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கயிற்றை அவிழ்த்தேன், பின்னங்காலில் ஓங்கி ஒரு அறை, தொண்டை கிழிய ஒரு கூச்சல். செவலை கேட்டுக்குள் பாய்ந்தது.

"குதிரை அத்துக்கிட்டு வருது, ஓடுங்க ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன். அது ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து உதைத்தது. பெண்கள் அலறிக்கொண்டு வேலிக்கு வெளியே ஓடினார்கள். மருந்து கலக்குகிறவர் கம்பை எடுத்துக்கொண்டு விரட்ட வந்தார். அவரும் கம்பெனிக் கண்காணியும் சேர்ந்து அதை ரோடு வரை துரத்திக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் மருந்து அறை வெடித்துப் போனது. ஷெட்டும் சேர்ந்து போனது. உள்ளே அப்போது ஒரு ஆள்கூட இருக்கவில்லை.

புகை அடங்கியதும் கண்காணி என் சட்டையைப் பிடித்தார். "ஏலே, லாடம் அடிச்ச குதிரைய உள்ள விட்டு இம்புட்டுப் பேரையும் கொல்லப் பாத்தியேலே!"

நான் செவலையின் காலைத் தூக்கிக் காட்டினேன். வெறும் குளம்பு. பழகி முடித்து ரோட்டில் இறக்கும்போதுதான் லாடம் அடிப்போம். அவர் பிடியை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் குட்டி கையை மீறி ஓடியது என்ற பேர் எனக்கு நிலைத்துவிட்டது. குதிரை பழக்குகிறவனுக்கு அதைவிட அசிங்கம் வேறில்லை. ஒரு வருடம் யாரும் குட்டி தரவில்லை. உண்மை தெரிந்தவள் பேச்சி ஒருத்திதான். ராத்திரி சோறு போடும்போது, "நீக பழக்குன லட்சணத்துலதான் நான் உசுரோட இருக்கேன்" என்று கேலி பண்ணுவாள், அப்படியே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த வருடம் கஷ்டப்பட்டோம். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் வேறு எந்த வருடமும் இருந்ததில்லை.

கம்பெனி வெடித்த மறுவாரமே வண்டிக்காரர் செவலையைத் திரும்பக் கொண்டுபோக வந்துவிட்டார். அன்று காலை, அது வாசலில் நின்ற பேச்சியிடம் நேராகப் போனது. வெறும் கையோடு நின்றாள். அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"ஏங்க, கேக்குதே" என்றாள். உள்ளே போய் ஒரு பிடி காணம் எடுத்து வந்து கொடுத்தாள். நிதானமாகத் தின்றது. தின்றுவிட்டு என்னிடம் வந்து என் கையிலும் மூக்கை வைத்தது. நான் காணம் எடுக்கத் திரும்புவதற்குள் வண்டிக்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருட்டும் வரை இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. ஒரு வாரம் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. பிறகு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. குதிரை வண்டிகளும் போயே போய்விட்டன.

பேச்சிக்குக் கடைசி நாள் ஆஸ்பத்திரியில். மத்தியான நேரம், ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் சைக்கிள் மணிச் சத்தம்கூட இல்லை. திடீரென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, கேட்டீகளா? எம்புட்டுப் பெரிய வெடி!"

"இல்லையே தாயி" என்றேன்.

"எனக்குக் கேட்டுருச்சு" என்றாள். சிரித்தாள் என்றுதான் சொல்வேன். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சாவுக்குப் பயப்படுகிற வயதைத் தாண்டிவிட்டேன். ஒன்றுதான் உறுத்துகிறது. செவலை கேட்டதும் அவள் காணம் கொடுத்துவிட்டாள், என் கையிலும் மூக்கை வைத்துக் கேட்டது, நான் கொடுக்கவில்லை. அவளுக்குக் கேட்ட சத்தம் எனக்கும் கேட்குமா, கேட்காதா? அதற்காகவே வீட்டில் ஒரு படி காணம் தீராமல் வைத்திருக்கிறேன். ஒரு குதிரையைத்தான் காணோம்.