புளி போட்டுத் தேய்த்த காசுகள்: பருத்திப்பட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்

அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து, கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, அவருடைய நாணயங்களைக் கொடுத்துவிட்டு வந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர் அவர். ஞாயிறுகளில் ஆற்றோரத்து ஊர்களிலும் காயலான் கடைகளிலும் தேடி வாங்கியவை இருநூற்றுப் பன்னிரண்டு, பெரும்பாலும் செம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை. எங்கே கிடைத்தது, என்ன எடை, இரு பக்கமும் என்ன உருவம் என்று மேலே அவர் கையெழுத்து. பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவை இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மாவுக்கோ முப்பது வருடமும் அவை செல்லாக் காசுதான்.

காலை 9.20க்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஆட்டோ ஏறினோம். தூறல். அம்மா மடியில் பெட்டி.

"இன்னாமா பொட்டில, சீர்வரிசையா?" என்றார் ஓட்டுநர்.

"பழைய காசு நைனா. எங்க ஊட்டுக்காரர் சேத்தது. படிக்கிற புள்ளைங்களுக்குத் தரப் போறோம்."

"செல்லாத காசு இம்மாங் கீதா? என் கைல செல்ற காசே நிக்க மாட்டேங்குது. சரி, புட்ச்சிக்கோ, ரோடு பூரா பள்ளமா கீது."

அம்மா சிரித்தாள். எட்டு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. மெட்ரோ தூண்களுக்கு அடியில் நின்று நின்று போக ஐம்பது நிமிடம், 320 ரூபாய்.

துறைத் தலைவி ஐம்பது வயதுக்காரர். வெள்ளைத் துணி விரித்து, முதல் உறையைக் கவிழ்த்தார். காசு வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. இரண்டாவதும், மூன்றாவதும் அப்படியே.

"நாந்தான் மேடம்," என்றாள் அம்மா. "புளியும் உப்பும் போட்டு, தேங்கா நாரால தேய்ச்சேன். நாலு நாளு. அழுக்கோட தரக் கூடாதுல்ல? ஒண்ணுகூட உறை மாத்திப் போடல."

'இருக்கிறபடியே கொண்டு வாருங்கள்' என்று அவர் தொலைபேசியில் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. காசுகளை அவள் தொடுவாள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அம்மா தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தேய்ஞ்ச காசுல உருவம் அந்தப் பச்சைக் களிம்புலதாம்மா நின்னுட்டிருக்கும். களிம்பு போனா எல்லாம் போச்சு."

மாலை நான்கு வரை உட்கார்ந்து அடுக்கினோம். நான் உறையைப் படிப்பேன்: "எருது, மேலே பிறை." அவர் லென்ஸில் பார்த்துவிட்டு, "இல்லை," என்பார். உருவம் மிஞ்சியவை முப்பத்தொன்று. அவை கண்ணாடிப் பெட்டிக்குப் போயின. மற்றவற்றை மாணவர்களுக்குக் காட்ட ஒரு இழுப்பறையில் வைத்தார். வழவழவென்று ஆகிவிட்ட நூற்று எண்பத்தொரு காசுகளின் உறைகளையும் கண்ணாடிக்குள் வரிசையாக நிறுத்தினார். எருதும் பிறையும் இனி அந்தக் காகிதத்தில் மட்டும்தான்.

அம்மா குனிந்து பார்த்தாள். "இன்னாடி, காசை உள்ள வெச்சிட்டு வெறும் கவரை வெச்சிகிறாங்க?"

"பளபளன்னு இருக்குல்ல, யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பூட்டி வைக்கிறாங்கம்மா."

அவள் நம்பினாள். துறைத் தலைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: ஆவடி–பூந்தமல்லி பேருந்துகள் அடிக்கடி உண்டு, பெட்டி இருந்தால் ஆட்டோதான் சரி. சனிக்கிழமை துறை திறந்திருக்குமா என்று முன்னாலேயே கேளுங்கள். உறைகளைப் படம் எடுத்து வையுங்கள். காசைக் கழுவாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். இதை வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லுங்கள், அந்தக் காசை ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவரிடமும்.

திரும்பும் ஆட்டோவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனிகளில் புளி அரித்துத் தோல் உரிந்திருந்தது. "அவரு பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாருல்ல?" என்றாள். ஆமாம் என்றேன்.