கடைசி வரை கேட்ட ஒரே ஆள்

பொட்காஸ்ட் நடத்துகிறவனுக்கு ஜாதகத்தில் இரண்டு கண்டம் உண்டு: ஒன்று வாயைத் திறக்கும்போது, மற்றது வாயை மூடும்போது. நடுவில் விருந்தாளி பேசிக்கொண்டிருப்பார். அது ஓரளவு பாதுகாப்பான காலம்.

நான் திருகோணமலையில் பதினைந்து வருடமாக மேடை அறிவிப்பாளன். கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கடைத் திறப்பு, எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று ஊரில் பெயர். அதை வெகு காலம் பாராட்டென்றே நினைத்திருந்தேன். அந்தத் துணிவில்தான் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிறவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, மனைவியின் சேலை அலுமாரியைத் திறந்து வைத்து, அதன் முன்னால் கதிரை போட்டுப் பேச வைக்கத் தொடங்கினேன். சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும். என் பேச்சையும் குடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதிவை வெட்டி ஒட்டுகிறவர் மூதூர் றிஸ்மியா. இரண்டு பிள்ளைகளின் தாய். கலியாண வீடியோ தொகுத்துப் பழகியவர். அழுகிற மாமியாரை எந்த நொடியில் வெட்டவேண்டும் என்று தெரிந்தவர். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "அண்ணா, பத்து எபிசோட் செய்வம். பத்துக்குள்ள ஒராளாவது தொடக்கத்தில இருந்து கடைசி மட்டும் கேக்கணும். இல்லாட்டி நான் கலியாண வீடியோவுக்கே போறன்."

அவர் போனால் நிகழ்ச்சியும் போகும். எனக்குப் பேசத்தான் தெரியும், வெட்டத் தெரியாது. என் வியாதியே அதுதான். சிரிக்காதீர்கள், எனக்கு இது பெரிய விஷயம். பதினைந்து வருடம் மேடையில் நின்றும் என் பேச்சைக் கேட்பதற்கென்று ஒருவரும் வந்ததில்லை. எனக்குப் பின்னால் பேசப் போகிறவருக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரே ஒரு ஆளாவது கடைசி வரை இருக்க வேண்டுமென்ற ஆசை, மைக் பிடித்துக் கெட்டுப்போன எல்லாருக்கும் இருக்கும்.

மௌன இறைவணக்கம்

எங்கள் மாவட்டத்தில் எந்த நிகழ்ச்சியும் சும்மா தொடங்காது. மங்கள விளக்கு, மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயம். முதல் எபிசோடையும் அந்த முறைப்படியே தொடங்கினேன். ஒலியில் விளக்கேற்ற ஏலாது என்பதால், ஏற்றியதாக நினைத்துக்கொள்ளும்படி நேயர்களைக் கேட்டுக்கொண்டேன். எல்லா மதத்தவரும் கேட்பார்களே என்று அடுத்ததாக ஒரு நிமிட மௌன இறைவணக்கம். ஒலி மட்டுமே உள்ள நிகழ்ச்சியில் ஒரு முழு நிமிடம் ஒலியில்லாமல் விட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். பதிவைக் கேட்ட றிஸ்மியா தன்னுடைய ஃபோன் பழுதாகிவிட்டதென்று இரண்டு தரம் அணைத்துப் போட்டாராம்.

அதன் பிறகு வரவேற்புரை. அன்றைய விருந்தாளி காசிம் நாநா. கிண்ணியாவிலிருந்து தயிர்ச்சட்டி கொண்டுவந்து துறைமுக வீதிக் கடைகளுக்குப் போடுகிறவர். எங்களுக்கென்று ஒரு சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரை வரவேற்றேன், அவருடைய தொழிலை வரவேற்றேன், கடல் கடந்து வாழும் உறவுகளை நாடு நாடாக வரவேற்றேன். ஒருவழியாக மைக்கை அவர் பக்கம் திருப்பியபோது, நாநா சட்டியின் மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வரக்குள்ள தயிர் நல்லாத்தான் இருந்திச்சு. இப்ப புளிச்சிட்டு."

சறுக்குப்பலகை

எத்தனை பேர் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று ஃபோனில் ஒரு கோடு காட்டும். அந்த வசதியைக் கண்டுபிடித்தவர் எங்களைப்போன்றவர்களை ஏதோ பழைய கோபத்தில் பழிவாங்கியிருக்கிறார். என் கோடு பூங்காவிலுள்ள சறுக்குப்பலகைபோல இருந்தது. வரவேற்புரை தொடங்கும் இடத்தில் உச்சியிலிருந்து கிளம்பி, முடிகிற இடத்தில் மண்ணில் கிடந்தது.

ஆனாலும் கவனித்துப் பார்த்தால், அடியோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கோடு கடைசி நொடி வரை போனது. யாரோ ஒருவர்! ஒவ்வொரு எபிசோடையும், என்னுடைய நன்றியுரை உட்பட, முழுவதும் கேட்கும் ஒரு புண்ணியவான்! பந்தயத்தில் வென்றுவிட்டேனென்று உடனே றிஸ்மியாவுக்கு ஃபோனில் கோல் எடுத்தேன். அந்த ரசிகர் எந்த ஊர், அவரை அடுத்த எபிசோடில் பெயர் சொல்லி வாழ்த்தலாமா என்றெல்லாம் கேட்டேன். அவர் கெட்ட செய்தி சொல்லும் டொக்டர்போல மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, அந்த ஒராள் நீங்கதான்."

கப்பல் சங்கு

வரவேற்புரையைத் தூக்கிவிட்டு, கேட்டவுடனே ஆளை இழுக்கும் ஒரு சத்தத்தோடு தொடங்கலாமென்று றிஸ்மியா யோசனை சொன்னார். துறைமுகத்து நிகழ்ச்சிக்குக் கப்பல் சங்கைவிட என்ன வேண்டும்? உட்துறைமுக வீதியில் ஃபோனை நீட்டிக்கொண்டு மூன்று பின்னேரம் நின்றேன். கப்பல்கள் வந்தன, போயின, ஒன்றும் ஊதவில்லை. மூன்றாம் நாள் ஒரு கப்பல் மனமிரங்கி ஊதியது. அதே நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் வீடு வீடாக ரொட்டி விற்கும் பாண்காரனின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. சங்கு கொஞ்சம், பாட்டு நிறைய. இனியொரு கப்பலுக்குக் காத்திருக்க என் காலுக்குப் பலமில்லை, அப்படியே போட்டுவிட்டோம்.

எங்கள் ஊரில் அந்தப் பாட்டுக் கேட்டால் யோசிக்க மாட்டார்கள். கையில் அகப்பட்ட பையோடு வாசலுக்குப் போவார்கள். ஆள் இழுக்கும் தொடக்கம் என்றால் இதுதான் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மகளின் ஃபோனில் நிகழ்ச்சி தொடங்கியதைக் குசினியில் சமைத்துக்கொண்டே கேட்ட கட்டைபறிச்சான் ஊர் அக்கா ஒருவர் அடுத்த நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்: "வெயிலுக்குள்ள வாசல் மட்டும் ஓடினனான் தம்பி. பாண் விக்கிறேல்லை எண்டால் ஏன் அந்தச் சத்தம் போடுறீங்கள்?"

மீன் இருக்கிற இடம்

அடுத்து நான் கற்றுக்கொண்ட வித்தை, தொடக்கத்திலேயே ஆசை காட்டுவது. கடைசியில் ஓர் இரகசியம் வெளிவரும் என்று சொல்லிவிட்டால் ஆள் நகரமாட்டாராம். இறக்கக்கண்டியிலிருந்து சூசைதாஸ் அண்ணை வந்திருந்தார். மற்ற வள்ளங்கள் வெறுமையாக வரும் நாளிலும் அவருடைய வள்ளத்தில் மீன் இருக்கும். "எந்த இடத்தில் மீன் படும் என்ற பரம இரகசியத்தை அண்ணன் இன்று உடைக்கப் போகிறார், கடைசி வரை காத்திருங்கள்!" என்று முழங்கினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முழங்கியிருக்கலாம்.

மனிதர் பொறுமையாக எல்லாம் சொன்னார். வலை, காற்று, நீரோட்டம், இயந்திரம் நடுக்கடலில் நின்ற கதை. நேயர்கள் நகரவில்லை, கோடு முதல் தரமாகக் கிடையாக ஓடியது. கடைசி நிமிடத்தில் நான் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, இப்ப சொல்லுங்கோ, அந்த இடம் எது?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோடு கடைசிப் படியில் விழுந்து நொறுங்கியது இந்த வசனத்தில்தான்: "என்ர மச்சானுக்கே சொல்லேல்லை, உங்கட மைக்குக்குச் சொல்லுவனோ?"

படலையடி

பத்தாவது எபிசோட் வந்துவிட்டது. றிஸ்மியா புதிதாக இரண்டு கலியாண வீடியோ ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கடைசி விருந்தாளி, இழுவைப் படகில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற அருள்ராசா அண்ணை. பெரிய பெரிய கப்பல்களை உள்ளே கொண்டுவந்து, வெளியே கொண்டுபோய் விட்டவர். நான் நீளமாகக் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவர் "ஓம்" என்றார். சிலவற்றுக்கு மட்டும் "இல்லை" என்றார். முக்கால் மணித்தியாலப் பதிவில் நாற்பது நிமிடம் என் குரல்தான். எல்லாம் முடிந்தது என்று எழுந்தேன்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி "போறன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. "போயிட்டு வாறன்" என்பார், எழும்புவார், செருப்புப் போடுவார், வேலி வாசல் படலையைத் திறப்பார், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு அரை மணித்தியாலம் நிற்பார். உண்மையான கதை அங்கேதான் வரும். அருள்ராசா அண்ணையும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திடீரென்று, "எத்தினை கப்பலை வெளியில கொண்டுபோய் விட்டனான் தம்பி. என்ர மகன் வெளிநாடு போகேக்க மட்டும் பஸ் ஸ்ராண்ட் வரைக்கும்கூடப் போகேல்லை. அவன் போயிட்டு வாறன் எண்டு சொன்னால் எனக்குத் தாங்க ஏலாது எண்டு வேலைக்குப் போயிட்டன். எட்டு வருசம். இப்பவும் ஃபோனில தாயோடதான் கதைப்பான்" என்றார். "சரி, போயிட்டு வாறன்" என்று அவர் கிளம்பும் வரை நானும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போய்த் தெருமுனையில் திரும்பும்போதுதான் பார்த்தேன், அவர் சட்டையில் குத்திய கம்பியில்லாச் சின்ன மைக்கைக் கழற்ற மறந்திருக்கிறேன்.

அடுத்த நாள் மைக்கை வாங்கப் போன சாக்கில், பதிவானதைச் சொல்லி, போடலாமா என்று கேட்டேன். அண்ணை மைக்கை என் கையில் வைத்து, "போடுங்கோ" என்றார். றிஸ்மியா என் நாற்பது நிமிடத்தையும் தூக்கி எறிந்தார். செருப்புச் சத்தம், படலை கிறீச்சிடும் சத்தம், உடனே "எத்தினை கப்பலை..." என்று தொடக்கம். பிறகு அவர் சொன்ன கதை, கடைசியில் "சரி, போயிட்டு வாறன்", திரும்பவும் படலை. முடிந்தது. நன்றியுரை இல்லாமல் ஒரு நிகழ்ச்சியா! கெஞ்சினேன், கோபப்பட்டேன், அரை நிமிடமாவது தா என்று பேரம் பேசினேன். றிஸ்மியா அசையவில்லை: "அவர் போயிட்டாரு அண்ணா. நீங்க ஆருக்கு நன்றி சொல்லப் போறீங்க?"

நன்றியுரை

வெள்ளிக்கிழமை காலை வெளியிட்டோம். நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். கோட்டைப் பார்க்கத் தைரியமில்லை. வந்து பார்த்தால் காசிம் நாநாவின் கோல் நாலு தவறியிருந்தது. தயிர் விஷயத்தை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது என்று பயந்துகொண்டே எடுத்தேன். மனிதர் பதறிப்போய்க் கேட்டார்: "தம்பி, சுகமா இரிக்கீங்களா? கடைசி மட்டும் காத்திருந்தன், நீங்க நன்றி சொல்லவே இல்லையே!"

கடைசி மட்டும்! பின்னேரத்துக்குள் இன்னும் பலர் அதே கவலையோடு எடுத்தார்கள். கட்டைபறிச்சான் அக்கா எனக்காகக் கோயிலில் நேர்த்தி வைக்கவும் தயாராக இருந்தார். பதினைந்து வருடப் பேச்சில் சம்பாதிக்காத பாசத்தை ஒரே நாள் வாயை மூடிச் சம்பாதித்தேன். றிஸ்மியாவுக்குக் கோல் எடுத்து, வந்த விசாரிப்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஒப்பித்தேன். அவர் மட்டும் வழக்கம்போல நாலே சொல்லில் முடித்தார்: "அடுத்த பத்துக்கும் பேசாதீங்க அண்ணா."

எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை அருள்ராசா அண்ணை தானாக வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டே நின்றார். இந்த முறை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் படலையை ஒரு தரம் இழுத்து, அது கிறீச்சிட்டதைக் கேட்டு, சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"மகன் கோல் எடுத்தவன் தம்பி, என்ர ஃபோனுக்கு. கடைசி மட்டும் கேட்டவனாம். உங்கட படலைக்கு எண்ணெய் போடட்டாம்."

நான் இன்றுவரை எண்ணெய் போடவில்லை, ஏனென்றால் என் நிகழ்ச்சியில் கடைசி வரை கேட்கக்கூடிய குரல் அது ஒன்றுதான்.