ஸெனோனின் பஞ்சு அங்கி

போலந்தில், ஓஸ்த்ரூதா ஊரின் ஏரிக்கரைச் சாலைக் கோடியில் படகுகளுக்கு மூடுதுணி தைக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. லூசினா பள்ளிப் படிப்பு முடித்த கையோடு அங்கே சேர்ந்தவள். மெழுகு தடவிய நூலும் நான்கு மடிப்புக் கித்தானும் அவளுக்கு மற்றப் பெண்களுக்குக் கைக்குட்டை மாதிரி. வீட்டில் தையல் என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. புருஷன் சட்டையில் பொத்தான் அறுந்தால், "ஆணியடிச்சு வெச்சுக்கோ" என்பாள்.

புருஷன் ஸெனோன் கூரை ஓடு மாற்றுகிறவன். பனி விழுந்துவிட்டால் அவனுக்கு வேலை இருக்காது. அப்படிச் சும்மா இருந்த ஒரு குளிர்காலத்தில், உடற்பயிற்சி வாத்தியார் பொக்தான் அவனைப் பள்ளிக்கூட ஜிம்முக்குக் கூட்டிப்போய் கையில் ஒரு மழுங்கிய வாளைக் கொடுத்தார். அன்றைக்கு வீடு திரும்பியவன் பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை.

"நான் ஜூலைல கிருன்வால்டுக்குப் போறேன். சண்டை போட."

"எந்தப் பக்கம்?"

"கருஞ்சிலுவை."

லூசினா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தினாள். "தோத்தவங்களா?"

"அங்கதான் ஆள் குறைவு. எல்லாரும் ராஜா பக்கம் நிக்கத்தான் ஓடுறாங்க. யாராவது தோக்கணும்ல?"

அறுநூறு வருடத்துக்கு முன் கிருன்வால்டுப் புல்வெளியில் வெள்ளை மேலாடை போட்ட கருஞ்சிலுவை வீரர்களைப் போலந்து ராஜாவின் படையும் லித்துவேனியர்களும் நொறுக்கினார்கள். அன்றைக்கு நடந்ததை ஒவ்வொரு ஜூலையிலும் திரும்ப நடத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான பேர் கவசம் பூண்டு வருவார்கள். கூட்டம் மேட்டில் உட்கார்ந்து பார்க்கும். தோற்பதற்கும் ஆள் வேண்டும்தான்.

முதல் வருடம் ஸெனோன் கடன் வாங்கிய கவசத்தோடு போய், உடம்பெல்லாம் நீலமாகித் திரும்பினான். குளியலறை வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்தவள், "உள்ள என்ன போட்டிருந்த?" என்று கேட்டாள். பழைய கோட்டு என்றான். இரும்புக்கு அடியில் பஞ்சு திணித்த அங்கி இல்லாவிட்டால், அடி இரும்பைத் தாண்டி எலும்பில்தான் இறங்கும். அந்த வாரமே மெத்தை உறைத் துணியை மேசைமேல் விரித்தாள். பஞ்சை அடுக்கடுக்காக வைத்து, விரற்கடை அகலத்துக்கு ஒரு கோடு என்று மேலிருந்து கீழே தைத்தாள். மூன்று தடவை பிரித்துத் தைத்தபின் அது அவன் உடம்பில் தோல் மாதிரி ஒட்டியது. அதைப் பார்த்துவிட்டு மற்ற ஆண்கள் வரிசையில் நின்றார்கள். சில வருடத்தில் பொக்தானின் ஆட்கள் எல்லாரும் லூசினாவின் தையலுக்குள்தான் இருந்தார்கள்.

ஜூலையில் களத்துக்குப் பக்கத்தில் போடும் முகாமுக்கும் போனாள். ஒரு வாரம் அந்தக் காலத்து ஆட்களாகவே இருக்க வேண்டும்: பிளாஸ்டிக் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, மூக்குக்கண்ணாடி கூடாது. தலையில் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு, ரொட்டிக் கூடைக்கு அடியில் போனை ஒளித்துவைத்து, புகையில் கண் எரியப் பட்டாணி சூப் கிளறுவாள். பிடித்திருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஜூன் பிறந்தால் பெட்டி கட்டுவது அவள்தான்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸெனோன் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "குழாயை மூடு" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். மறுபடியும் சொன்னாள். அப்புறம் கோபத்தோடு போய்க் கதவைத் திறந்தாள். முதலில் குழாயை மூடினாள். பிறகுதான் கீழே பார்த்தாள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார். லூசினா தலையை ஆட்டினாள். சவ அடக்கத்துக்கு வெள்ளை மேலாடையில் வரலாமா என்று பொக்தான் கேட்டபோது, "எப்படி வேணும்னாலும் வாங்க" என்றாள். கடைசியில் மழை பெய்ததால் எல்லாரும் சாதாரணக் கோட்டில்தான் வந்தார்கள்.

அக்கம்பக்கத்தார் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். சாப்பிட்டாளோ இல்லையோ, பாத்திரங்களைத் துலக்கி, துடைத்து, அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பட்டறைக்குப் போனாள், வந்தாள். மகள் மார்லேனா நார்வேயிலிருந்து தினமும் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

யோசித்துப் பார்ப்பாள். நினைவுக்கு வராது. "சூப்" என்பாள்.

"அழுதியா? அழுதுடும்மா. உள்ளேயே வெச்சுக்காத."

உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே விட. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். துக்கம் என்று ஊர் சொல்வது இதுதானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பல் பிடுங்கும் முன்பு ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, உடம்பு முழுக்க.

வசந்தத்தில் பொக்தான் வந்தார். தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"லூசின்கா, ஒரு விஷயம். வரிசைல ஒரு ஆள் குறையுது. இரெக்னு பல் டாக்டர் ஒருத்தர் புதுசா சேந்திருக்கார். அவருக்குச் சொல்லிவெச்ச கவசம் ஜூலைக்குள்ள வராது போல. அதான்... ஸெனோனோடது..."

"சேமிப்பறைல இருக்கு. சாவி கதவுப் பக்கத்துல தொங்குது."

"யோசிச்சு சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல."

"யோசிக்க என்ன இருக்கு? இரும்புதானே."

அடுத்த சனிக்கிழமை இரெக் அங்கியோடு வந்தார். வாட்டசாட்டமான மனிதர். அங்கிக்கும் அவர் வயிற்றுக்கும் ஒத்துவரவில்லை, முன்பக்கம் ஒரு சாண் இடைவெளி. பக்கவாட்டுத் தையலைப் பிரித்து இரண்டு பக்கமும் பட்டைத்துணி கொடுக்க வேண்டியதுதான் என்றாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பானி லூசினா," பானி என்று மரியாதை வைத்துத்தான் கூப்பிட்டார், "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா இந்த வருஷம் நான் சும்மா ஈட்டி தூக்கிக்கிட்டுப் பின்னால நிக்கிறேன். இது அவர் போட்டது..."

"கையைத் தூக்குங்க."

அவர் போனபின் அங்கியை மேசைமேல் விரித்தாள். கழுத்துப்பட்டையில் வியர்வைக் கறை மஞ்சளாக ஏறியிருந்தது. குனிந்து முகர்ந்தாள். ஸெனோன்தான். புகையும் துருவும் அவன் வியர்வையும். இப்போது வரும் என்று காத்திருந்தாள். தெருவில் ஒரு கார் நகர முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அது போனபிறகும் ஒன்றும் வரவில்லை. கத்தரியை எடுத்துப் பக்கவாட்டுத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

ஜூலையில் பொக்தானின் வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. வரமாட்டேன் என்று சொல்லக் காரணம் தேட வேண்டியிருக்கும். ஏறிக்கொள்வது சுலபமாக இருந்தது. முகாமில் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அடுப்பு மூட்டினாள், வெங்காயம் நறுக்கினாள். அந்த வருடம் வெயில் நெருப்பாகக் கொளுத்தியது. கூடாரத்துக்குள் வைத்த வெண்ணெய் எண்ணெயாகிவிட்டது.

சனிக்கிழமை மதியம் சண்டை. லூசினா வழக்கம்போல் தண்ணீர் வாளியும் அகப்பையுமாகக் களத்தின் ஓரத்தில் மற்றப் பெண்களோடு நின்றாள். கருஞ்சிலுவை வரிசை எதிர்ச் சரிவிலிருந்து இறங்கியது. நெற்றியில் நசுங்கல் உள்ள தலைக்கவசம் மூன்றாவதாக வந்தது. அந்த நசுங்கலோடு ஸெனோன் வீட்டுக்கு வந்த நாள் அவளுக்குத் தெரியும். ஸெனோன் சமதரையில் நடக்கும்போதும் சரிவான கூரைமேல் நடப்பவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நடப்பான். அந்தத் தலைக்கவசத்துக்குக் கீழே இப்போது வந்த கால்கள் வாத்து மாதிரி அகட்டி நடந்தன. இது நெஞ்சில் அடிக்கும் என்று நினைத்துத்தான் முந்தின இரவெல்லாம் பயந்திருந்தாள். அடிக்கவில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்ததால் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இரும்பும் இரும்பும் மோதின. ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கிழிய வர்ணித்தார். முன்பே சொல்லிவைத்தபடி கருஞ்சிலுவைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். விழுந்தவர்கள் சண்டை முடியும்வரை பிணமாகக் கிடக்க வேண்டும். சண்டை மேற்குப் பக்கம் நகர்ந்ததும் தண்ணீர்ப் பெண்கள் பிணங்களுக்கு நடுவே போனார்கள்.

"எனக்குக் கொஞ்சம் லூசின்கா, நாக்கு ஒட்டிக்கிச்சு."

"செத்தவனுக்கு எதுக்குடா தண்ணி?" என்று பக்கத்துப் பிணம் சிரித்தது.

இரெக் மல்லாந்து கிடந்தார். தலைக்கவசத்தின் முகத்தகடு மூடியிருந்தது. அவள் அதை மேலே தள்ளினாள். முகம் செங்கல் நிறத்தில், சொட்டு வியர்வை இல்லாமல் காய்ந்து கிடந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"டாக்டர், தண்ணி."

"வாயை நல்லாத் திறங்க," என்றார் இரெக். "இன்னும் கொஞ்சம். வலிக்காது."

லூசினா மண்டியிட்டாள். கழுத்தில் கைவைத்தாள்; அடுப்பில் காய்ந்த கல் மாதிரி சுட்டது.

"பொக்தான், எந்திரிச்சு வா."

நாலடி தள்ளிக் குப்புறக் கிடந்த பொக்தான் தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான் செத்துட்டேன், லூசின்கா. கூட்டம் பாக்குது."

"எந்திரிடா!"

அத்தனை வருடத்தில் அவள் அவரை டா போட்டதில்லை. பொக்தான் எழுந்தார். ஆம்புலன்ஸ் ஆட்களைக் கூப்பிட, கவசம் கடகடக்க ஓடினார். மேட்டில் யாரோ, "ஏய், பிணம் ஓடுது!" என்று கத்த, கூட்டம் சிரித்தது.

தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டாள். மார்புத் தகட்டின் கொக்கிகள் வெயிலில் தகித்தன. விழுந்ததில் ஒன்று வளைந்து மாட்டிக்கொண்டு வரவில்லை. அவர் இடுப்பில் செருகியிருந்த சிறு கத்தியை உருவி வெள்ளை மேலாடையைக் கிழித்தாள். தோல் வார்களை ஒவ்வொன்றாக அறுத்தாள். ஸெனோன் கொழுப்புத் தடவித் தடவி மெத்தென்று வைத்திருந்த வார்கள், நன்றாகவே அறுந்தன. தகட்டை ஒதுக்கித் தள்ளினாள். அடியில் அங்கி. அதன் நடுவில் கத்தி இறங்காது, அவ்வளவு பஞ்சு. பட்டைத்துணி கொடுத்த தையல் எங்கே ஓடுகிறது என்று அவள் விரலுக்குத் தெரியும். அங்கே முனையைக் கொடுத்து அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். மறுபக்கமும் அப்படியே. வாளியை அப்படியே அவர்மேல் கவிழ்த்தாள். அடுத்த பெண்ணின் வாளியையும் பிடுங்கி ஊற்றினாள். தலைத்துணியை அவிழ்த்து நனைத்து அவர் கழுத்தில் சுற்றினாள்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் தூக்கிக்கொண்டு போகும்போது இரெக் யாரிடமோ அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி வெற்றி அறிவித்தது. மற்றப் பிணங்கள் எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டன.

அங்கியின் பஞ்சு களம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. லூசினா மிச்சத்தைப் பொறுக்கிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அழுகை வருமோ என்று பொக்தான் பக்கத்திலேயே நின்றார். வரவில்லை.

"ஸெனோனோட அங்கி..." என்றார் அவர்.

"ஆமா. போச்சு."

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. வெயில் தாக்கியிருக்கிறது, சலைன் ஏற்றியிருக்கிறார்கள், பிழைத்துக்கொண்டார். முகாமே லூசினாவுக்காகக் கோப்பை தூக்கியது. அவளும் தூக்கினாள். குடித்ததில் ருசி தெரியவில்லை. சீக்கிரமே படுத்து, விடியும்வரை புரளாமல் தூங்கினாள்.

அங்கியைத் திரும்பத் தைக்க உட்கார்ந்தாள் ஒருநாள். முடியாதது ஒன்றுமில்லை, நூலும் இருந்தது. கொஞ்ச நேரம் துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்துப்பட்டையை மட்டும் வெட்டி எடுத்து அலமாரியில் வைத்தாள். மீதியை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள். மார்லேனா கூப்பிட்டபோது சொன்னாள். மார்லேனா அழுதாள். லூசினா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் இரெக் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பூங்கொத்து. எங்கே வைப்பதென்று தெரியாமல் கித்தான் சுருள்மேல் வைத்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். மறுபடி களத்தில் இறங்குவதை டாக்டர்கள் தடுக்கவில்லையாம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்களாம். புதுக்கவசமும் வந்துவிட்டதாம்.

"மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், பானி லூசினா. அவரோட சாமானை எல்லாம் நாசமாக்கிட்டேன்."

"நாசமாக்கினது நானு. நீங்க படுத்துக்கிட்டுதான் இருந்தீங்க."

அவர் சிரிக்கலாமா என்று தயங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அடுத்த வருஷத்துக்கு எனக்கு ஒரு அங்கி வேணும். வேற யார்கிட்டயாவது சொல்லட்டுமா?"

லூசினா ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஏரியில் கடைசிப் படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். இனி ஏப்ரல்வரை பட்டறையில் வேலை கம்மி. வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"கோட்டைக் கழட்டுங்க," என்றாள்.

அளவு நாடாவை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றினாள். அவர் உடனே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மூச்சை விடுங்க டாக்டர். அளவுல பொய் சொன்னீங்கன்னா ஜூலைல இதையும் நான்தான் அறுக்கணும்."

அவர் மூச்சை விட்டார். வயிறு நாடாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. லூசினா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அட்டையில் எண்ணை எழுதிக்கொண்டு, அடுத்து தோளை அளக்க நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள்.